ராத்திரிக்கு என்ன?

காலையில் கிளம்பும்போதே முடிவாகியிருந்தது, ராத்திரிக்குச் சப்பாத்தியும் பட்டாணிக் குருமாவும் என்று. முந்தின நாளே காய்ந்த பட்டாணியை ஊறப் போட்டு, காலையில் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பகல் இரண்டு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, மத்தியான ஷிஃப்டுக்கு வர வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சலாம். எட்டு மணி வரைக்கும் நானே இருக்கணும் போல." அவள் நர்ஸ். மாதத்தில் நான்கைந்து தடவை இப்படி நடக்கும். அவளைக் குறை சொல்ல முடியாது, வராத அந்தப் பெண்ணையும் சொல்ல முடியாது. வார்டில் ஆள் இல்லாமல் விட்டுவிட்டு யார் கிளம்பி வர முடியும்? ஆனால் அந்த ஒரு போனில் சப்பாத்தி போய்விட்டது.

ஏனென்றால் ஐந்து பேருக்குச் சப்பாத்தி என்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தேய்க்க, ஒருவர் கல்லில் போட்டு எடுக்க, அப்போதுதான் முதல் சப்பாத்தி ஆறுவதற்குள் கடைசிச் சப்பாத்தி வரும். தனியாகச் செய்தால் ஒன்று கருகும், இல்லையென்றால் தேய்த்து வைத்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முக்கால் மணி நேரம் அடுப்படியை விட்டு நகர முடியாது. பெண் பத்தாம் வகுப்பு, ட்யூஷன் முடிந்து வர ஏழே முக்கால் ஆகும். பையன் ஐந்தாம் வகுப்பு, அவனுக்கு வீட்டுப்பாடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அப்பாவுக்கு எட்டு மணிக்குத் தட்டு முன்னால் வந்தாக வேண்டும், அதில் மட்டும் பேச்சே கிடையாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதனால் வீட்டுக்கு வந்து, ஊறின பட்டாணியை எடுத்தேன், கோதுமை ரவை இருந்தது, இரண்டு கேரட், கொஞ்சம் பீன்ஸ். குக்கரில் பட்டை கிராம்பு சோம்பு தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து கிச்சடியாகப் போட்டேன். குருமாவுக்கு வேண்டிய பட்டாணி அதற்குள் போயிற்று, சப்பாத்திக்கு வேண்டிய கோதுமை வேறு உருவத்தில் வந்தது. தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப்பச்சடி. குக்கரை மூடிவிட்டுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் பார்த்தேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் வயதில் இருக்கும் நண்பர்கள் சிலர் இப்போதுதான் சமையலறைக்குள் வருகிறார்கள், வந்ததும் முதலில் செய்வது வாரத்துக்கு ஏழு நாள் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி, புதன் சேமியா என்று. நானும் ஆறு வருடம் முன்பு அதைத்தான் செய்தேன். அம்மா போன பிறகு ராத்திரிச் சாப்பாடு முழுக்க என் கைக்கு வந்தது, மனைவிக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவள் காலையையும் நான் ராத்திரியையும் எடுத்துக்கொண்டோம். அட்டவணை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. புதன்கிழமை சேமியா என்று எழுதியிருக்கும், செவ்வாய்க்கிழமை மிஞ்சின மாவு புளித்துக்கொண்டு நிற்கும். வெள்ளிக்கிழமை அடை என்று இருக்கும், அன்றைக்குப் பார்த்து பையனுக்கு வயிற்றுப்போக்கு. அட்டவணைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை கை இருக்கிறது, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரியாது.

அம்மா அட்டவணை போட்டதே இல்லை. "ராத்திரிக்கு என்னம்மா?" என்று கேட்டால், "பார்ப்போம்" என்பாள். சின்ன வயதில் அது சாக்குப்போக்கு என்று நினைத்தேன். இப்போது புரிகிறது, அவள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் மாவு எந்த நிலையில் இருக்கிறது, மதியச் சோறு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கூடையில் எந்தக் காய் நாளைக்குத் தாங்காது, மண்ணெண்ணெய் எவ்வளவு, அப்பா வர நேரமாகுமா. சாயங்காலம் ஐந்து மணிக்கு இதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அலமாரியில் எப்போதும் சில பாட்டில்கள் நிற்கும்: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், வெயில் காலத்தில் போட்ட கூழ்வடகம், மோர்மிளகாய். இதற்கு அவள் சொன்ன சொல் "கைவசம்". கைவசம் நாலு இருந்தால் எந்த நேரத்தில் யார் வந்தாலும் சமாளிக்கலாம் என்பாள்.

அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தை நான் 2012-ல் பார்த்தேன். அந்த வருடத்து மின்வெட்டை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. திருச்சியில் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியிலும் அதே கதை. கிரைண்டரில் உளுந்து அரைபட அரை மணி நேரத்துக்குக் குறையாது, அரிசிக்கு அதற்கு மேல். இரண்டையும் ஒரே ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க முடியாது. அம்மா உளுந்தை ஒரு தவணையில் அரைத்து வழித்து வைப்பாள், நடுவில் கரண்ட் போகும், அடுத்த தவணையில் அரிசியைப் போடுவாள், கடைசியில் இரண்டையும் உப்புப் போட்டுக் கையால் கலப்பாள். கரண்ட் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாத நாட்களில் அரிசியை ஊறவே போட மாட்டாள், கோதுமை மாவில் தோசை ஊற்றிவிடுவாள், அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடச் சாப்பாடு இல்லாமல் போகவில்லை, கடையில் வாங்கவும் இல்லை. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா இருக்கும்போதே அவளிடம் உட்கார்ந்து ஒருமுறை இதைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

*

மாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டு ராத்திரிச் சாப்பாட்டில் பாதி அதை நம்பித்தான் ஓடுகிறது.

நான் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுகிறேன். அரிசி நாலு மணி நேரம் ஊறும், உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்து அரைக்கும்போது ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளிப்பேன், கல் சூடானால் உளுந்து பொங்கி வராது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஆனால் மாவு ஒரு நாள் உணவு என்று நினைப்பவர்களுக்குத்தான் திட்டம் அடிக்கடி கவிழ்கிறது. அது நாலு நாள் உயிரோடு இருக்கும் பொருள், ஒவ்வொரு நாளும் அதற்கு வேறு குணம். முதல் நாள் பொங்கி நிற்கும், அன்றைக்கு இட்லி. இரண்டாம் நாள் தோசை. மூன்றாம் நாள் கொஞ்சம் புளிப்பு ஏறும், அன்றைக்கு வெங்காய ஊத்தப்பம். நாலாம் நாள் மிஞ்சியதில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, இரண்டு கை ரவையோ அரிசி மாவோ சேர்த்துக் குழிப்பணியாரம். புளித்துவிட்டது என்று கொட்டுகிற மாவில்தான் பணியாரம் நன்றாக வரும், பிள்ளைகள் இட்லியை விட அதற்குத்தான் ஓடி வருவார்கள்.

மாவும் நம் நேரத்துக்கு வராது. திருச்சி வெயிலில், மே மாதத்தில், காலை பத்து மணிக்கு அரைத்த மாவு மூன்று நாலு மணிக்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து தரையில் கிடக்கும். அதே மாவு மார்கழியில் முதல் நாள் ராத்திரி அரைத்தது மறுநாள் காலையிலும் அசையாமல் படுத்திருக்கும். அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அந்தப் புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன, அவற்றுக்குச் சூடு வேண்டும். குளிர் நாளில் நான் பாத்திரத்தை வெந்நீர் வைத்த அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி, மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்திவிடுவேன். அப்படியும் பொங்காத மாவில் இட்லி ஊற்றினால் கல்லாகத்தான் வரும், அதனால் அன்றைக்குத் தோசை என்று மாற்றிக்கொள்வதே நல்லது, தோசைக்குப் பொங்காத மாவும் ஓடும். வேக வைத்துப் பார்த்துவிட்டு வருத்தப்படுவதற்கு முன்பே, மூடியைத் திறந்து ஒரு கரண்டியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மதியச் சோறு மிஞ்சினால் என்ன செய்வது என்பதில் என் மனைவி கறாராக இருப்பாள். வடித்த சோறு வெளியில் கிடந்தால் அதில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடுகிற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அதனால் மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு மிஞ்சின சோற்றை அகலத் தட்டில் ஆற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது வழக்கம். அப்பாதான் பகலில் வீட்டில் இருப்பவர், அவரே செய்துவிடுவார். ராத்திரி அது எலுமிச்சை சாதமோ, புளிக்காய்ச்சல் கலந்து புளிசாதமோ, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறின மிளகு சாதமோ ஆகும். புளிக்காய்ச்சல் மட்டும் நான் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சி வைத்துவிடுகிறேன், புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கும். மனைவியிடமிருந்து போன் வந்த நாட்களில் பாதிக்கு மேல் என்னைக் காப்பாற்றியது அந்தப் பாட்டில்தான்.

*

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்ற மாதம் அது. இங்கே காந்தி மார்க்கெட்டில் நான் ஒரு கிலோ வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டுக் கால் கிலோவோடு திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டில் தக்காளி இல்லாத ஒரு பண்டமும் இல்லை. சட்னி தக்காளி, குருமாவில் தக்காளி, ரசத்தில் தக்காளி, உப்புமாவில்கூட ஒன்று. எனக்கு அது அதிர்ச்சியாகவே இருந்தது. தக்காளி நம் ஊர்க் காயே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. புளியையும் மிளகையும் மோரையும் வைத்துத்தான் இங்கே அதற்கு முன்பு எல்லாம் நடந்தது.

அந்த ஒன்றரை மாதமும் சமையல் பின்னால் போயிற்று, நல்ல விதத்தில். மிளகுக்குழம்பு, மோர்க்குழம்பு, கொள்ளு ரசம். இட்லிக்கும் தோசைக்கும் கடலைமாவு சட்னி, எங்கள் பக்கம் பாம்பே சட்னி என்பார்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் நன்றாக வதக்கி, இரண்டு ஸ்பூன் கடலைமாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்குச் சட்னி. அப்பா இரண்டாவது நாள் அதைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "உங்க பாட்டி வெச்ச மாதிரி இருக்குப்பா" என்றார். தக்காளி இறங்கின பிறகும் அது வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தேங்காய் விஷயம் இதைவிடக் கனமானது. மனைவியின் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, நூறு மரம். மாதம் ஒருமுறை பஸ்ஸில் சாக்கு நிறையத் தேங்காய் வரும், நாங்கள் தேங்காய் காசு கொடுத்து வாங்கினதே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே வந்தது. விடிந்து பார்த்தபோது மாமனார் தோப்பில் நின்றது பதினெட்டு மரம். வாரக் கணக்கில் அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. நாங்கள் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று, வழியெல்லாம் மரம். அத்தை வாசலில் செங்கல் வைத்து, விழுந்த மட்டையை எரித்து, தெருவில் இருந்த நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டில் அரிசி நனையாமல் இருந்ததோ அந்த அரிசி, யார் வீட்டில் பயறு இருந்ததோ அந்தப் பயறு. மாமனார் தட்டை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை, சாப்பிடுங்க, சூடா இருக்கு" என்றார். அவர் நாற்பது வருடமாக வளர்த்த தோப்பு பின்னால் படுத்துக்கிடந்தது. நான் அந்தக் கஞ்சியைத் தலை நிமிராமல் குடித்தேன்.

நெட்டை ரகத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அவர் உடனே வைத்தார். இடைப்பட்ட வருடங்களில் எங்கள் வீட்டில் தேங்காய் குறைந்தது, நிலக்கடலைச் சட்னியும் எள்ளுப்பொடியும் கூடின. குருமாவில் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையும் கசகசாவும் அரைத்து ஊற்றப் பழகினோம். போன பொங்கலுக்குப் புதுக் கன்றுகளில் காய்த்த முதல் தேங்காய்களில் ஐந்தைக் கொடுத்தனுப்பினார். மனைவி அவற்றில் ஒன்றை உடைக்கவே விடவில்லை, பூஜை அலமாரியில் நாலு மாதம் இருந்தது.

*

நாள்காட்டியும் திட்டத்தைக் கவிழ்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையூர் மீன் மார்க்கெட்டில் நல்ல சங்கரா கிடைத்தது, ஒரு கிலோ வாங்கி, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி வைத்துவிட்டு மாங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், அப்பா குளித்துவிட்டு வந்து, "இன்னைக்கு அமாவாசைப்பா" என்கிறார். பார்க்காமல் விட்டது நான்தான். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அம்மாவுக்குப் படையல் வைக்க வேண்டும், வெங்காயம் பூண்டு கிடையாது. மீனை அப்படியே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஏற்றிவிட்டு, அடுப்படியைக் கழுவி, திரும்பக் குளித்துவிட்டு வந்து வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, பாயசம் என்று ஆரம்பித்தேன். மீனுக்கு நறுக்கின மாங்காய் வெல்லம் போட்ட பச்சடியாயிற்று. அம்மாவுக்கு மாங்காய்ப் பச்சடி என்றால் உயிர். படையல் போட்டபோது அதை இலையில் முதலில் வைத்தது அப்பா.

மறுநாள் ராத்திரி மீன்குழம்பு. அதை அதற்கடுத்த நாள் காலை இட்லிக்கும் ஊற்றிக்கொண்டோம்.

*

இப்போது அந்த எட்டு மணி விஷயம்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, சர்க்கரை வந்து இருபது வருடம் ஆகிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ராத்திரி ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குச் சாப்பாடு, இது வருடக்கணக்காக மாறாமல் ஓடிய வழக்கம், அம்மா இருந்தவரை கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு ராத்திரி. அன்றைக்கும் மனைவிக்கு ஷிஃப்ட் நீண்டுவிட்டது. நான் இட்லி ஊற்றி அடுப்பில் வைத்தேன், ஐந்தாவது நிமிடம் தீ நீலம் மாறிச் சிவந்து அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே வரும், அந்த மாதம் விருந்தாளிகள் வந்ததில் முன்னாலேயே முடிந்துவிட்டது, மாற்றுச் சிலிண்டரைப் புக் செய்ய நான் தவறியிருந்தேன். சரி, இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே என்று எடுத்து வைத்தால் மழையில் கரண்டும் போயிற்று. குடையை எடுத்துக்கொண்டு தெரு முனைக் கடைக்கு ஓடினேன், மூடியிருந்தது. அடுத்த தெருவுக்குப் போய், இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தபோது எட்டரை தாண்டிவிட்டது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். "தாத்தாவுக்கு வேர்க்குதுப்பா" என்றான். மழைக் குளிரில் அவர் சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது, நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். ஏழரைக்கு ஊசி போட்டிருக்கிறார், சாப்பாடு வரும் என்ற நம்பிக்கையில். மனைவிக்குப் போன் போட்டேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "நினைவு இருக்கா, முழுங்க முடியுதா? சரி, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. இட்லி அப்புறம். மெஷின்ல பாருங்க, காமணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாருங்க." மெஷின் 52 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில் 78 வந்தது, அதற்குப் பிறகுதான் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "நீ நனைஞ்சுட்ட, தலையைத் துவட்டு" என்றார்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை.

டாக்டரிடம் போனோம். வயதானவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போவதுதான் இதில் பெரிய ஆபத்து என்று சொல்லி, இன்சுலின் வகையையே மாற்றிக் கொடுத்தார், தட்டு முன்னால் வந்த பிறகு போட்டுக்கொள்கிற மாதிரி. அதோடு நாங்கள் வீட்டில் சிலதை மாற்றிக்கொண்டோம். இரண்டாவது சிலிண்டர் எப்போதும் நிரம்பி இருக்கும், ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் புக் செய்துவிடுவோம். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை, இரண்டு பாக்கெட் பிஸ்கட். வீட்டில் நெருப்பே இல்லாவிட்டாலும் ஒரு ராத்திரி அவர் பசியாற முடிகிற ஏதாவது ஒன்று, அவல் இருந்தால்கூடப் போதும், நனைத்துத் தயிரில் போட்டுவிடலாம். பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த மெஷினில் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் மனைவி.

என்ன பண்டம் என்பதில் இப்போது எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. இட்லி தோசையாகட்டும், குருமா கிச்சடியாகட்டும், மீன் வாழைக்காயாகட்டும். மணி எட்டு மட்டும் நகராது. முன்பெல்லாம் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்று காத்திருப்போம், அந்தக் காத்திருப்பில்தான் நேரம் ஓடும். இப்போது எட்டு மணிக்கு அப்பா சாப்பிடுவார், வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் கூட உட்காருவோம், தட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு டம்ளர் மோரோடு. மற்றவர்கள் வர வரச் சாப்பிடுவோம். அதேபோல் கடைசியாக வருகிறவரும் தனியாகச் சாப்பிடக் கூடாது, அதுவும் வழக்கமாகிவிட்டது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார்.

இன்றைக்கும் அப்படித்தான். எட்டு மணிக்கு அப்பாவும் பையனும் கிச்சடி சாப்பிட்டார்கள், பட்டாணியை மட்டும் பொறுக்கி முதலில் தின்றான் அவன். பெண் வந்து, "சப்பாத்தின்னு சொன்னீங்களே" என்றாள், அம்மா வரவில்லை என்றதும் ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டாள். ஒன்பதேகாலுக்கு மனைவி வந்தாள், கால் வீங்கியிருந்தது, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றிருக்கிறாள். கிச்சடியைத் திரும்பச் சூடு பண்ணி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, இரண்டு அப்பளம் சுட்டு வைத்தேன். அப்பா படுக்கையிலிருந்து எழுந்து வந்து, தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். காய்ச்சலில் படுத்த அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நாளைக்கு எங்கள் பகுதியில் காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தான். சாயங்காலம் வந்ததும் அதைப் பார்த்துவிட்டு அரிசியை ஊறப் போட்டேன், ஏழரைக்கு உளுந்தை. ஒன்பதரைக்குக் கிரைண்டரைப் போட்டேன். மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "உளுந்து பொங்கிடுச்சு, தண்ணி போதும்" என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, "நகருங்க, நான் வழிக்கிறேன், நீங்க அரிசியைக் களைஞ்சு வையுங்க" என்றாள். கால் வலிக்கிறதே, உட்கார் என்றேன். கேட்கவில்லை.